1,400 யானைகளும் ஒரு மின்னலும்: மேஜர் ரோஜர்ஸ் வாழ்ந்த கதை

ஊவா மாகாணத்தின் தலைநகராகிய பதுளையில் புனித மாற்கு ஆலயம் என்னும் பழைமையான அங்கிலிக்கன் தேவாலயம் ஒன்று உண்டு. 1857ஆம் ஆண்டு வழிபாட்டுக்காகத் திறந்து வைக்கப்பட்ட ஆலயம் அது. நுவரெலியாவிலோ, கோல்ப் மைதானத்தை அடுத்த பழைய இடுகாட்டில், பிளந்துபோன கல்லறை ஒன்று கிடக்கிறது. இவ்விரண்டும் ஒரே மனிதரை நினைவுகூருவன. முன்னது அவரை நல்ல நிர்வாகி எனப் போற்றி எழுப்பப்பட்டது. பின்னதைக் காணச் செல்வோரோ, அவரை இயற்கையின் சீற்றத்துக்கு ஆளானவர் என்று பேசிக்கொள்கின்றனர். மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என்பது அவரது பெயர். 41 வயது மட்டுமே வாழ்ந்த அவர் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் என்று வரலாறு பதிவு செய்துள்ளது.

ஒரு தனிமனிதன் இத்தனை பேருயிர்களை எவ்வாறு கொல்ல முடிந்தது? கொன்றவரை அக்காலச் சமூகம் ஏன் ஆலயம் எழுப்பிப் போற்றியது? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவோர், ரோஜர்ஸின் வாழ்க்கையை மட்டுமன்றி யானையின் வாழ்க்கையையும் அறிந்தாக வேண்டும்.

ரோஜர்ஸ் 1804ஆம் ஆண்டளவில் பிறந்தவர். இளம் வயதிலேயே பிரித்தானிய இராணுவத்தில் அதிகாரியாகச் சேர்ந்து, இலங்கை ரைபிள் படையில் பணியாற்றினார். அப்படையின் அதிகாரிகள் ஆங்கிலேயர். சிப்பாய்களுள் பெரும்பாலானோர் மலாய் முஸ்லிம்கள். 1873இல் அப்படை கலைக்கப்பட்டபோதிலும், அதன் வீரர்களது வழித்தோன்றல்கள் கண்டியிலும் பதுளையிலும் பிற நகரங்களிலும் இன்றும் வாழ்ந்து வருகின்றனர். ரோஜர்ஸ் ஊவாவுக்கு வந்தது இந்தப் படையின் அதிகாரியாகவே. பின்னர் அவர் பதுளையின் படைத்தளபதியாகவும் உதவி அரசாங்க அதிபராகவும் மாவட்ட நீதிபதியாகவும் விளங்கினார். வாளும் வரியும் நீதியும் ஒரே கையில் இருந்த காலம் அது.

அவர் ஆள வந்த ஊவா, காயம் ஆறாத நிலம். 1817ஆம் ஆண்டு வெல்லஸ்ஸையில் மூண்டு மறு ஆண்டில் ஒடுக்கப்பட்ட கிளர்ச்சியின்போது, ஆங்கிலப் படை கிராமங்களை எரித்தது. வயல்களையும் நீர்ப்பாசன அமைப்புகளையும் பாழாக்கியது. மக்கள் சிதறினர். கைவிடப்பட்ட வயல்களில் காடு மண்டியது. மனிதன் விலகிய இடங்களுக்கு யானைகள் வந்து சேர்ந்தன. வண்டிப் பாதைகள் அரிதாக இருந்த அந்நாளில், முஸ்லிம் வணிகர்களின் தவளம் எனப்படும் பொதி மாட்டு வரிசைகளே உப்பையும் புடைவையையும் கருவாட்டையும் மலையகத்துக்குக் கொண்டு சேர்த்தன. இத்தகைய பிரதேசத்தில் பாதைகளும் பாலங்களும் அமைப்பதில் ரோஜர்ஸ் ஊக்கம் காட்டினார். கடின உழைப்பாளி என்றும், மக்களோடு பழகத் தெரிந்த அதிகாரி என்றும் அவர் பெயர் பெற்றார். அவர் நினைவாக ஓர் ஆலயம் எழுந்தமைக்கு இதுவே காரணம்.

ஆயினும் கடல் கடந்தும் அவர் புகழைப் பரப்பியது அவரது துப்பாக்கியே. 1844ஆம் ஆண்டு பிரஷ்யாவின் இளவரசர் வால்டமார் இலங்கை வந்தபோது, அவரது மருத்துவரான வெர்னர் ஹொப்மைஸ்டர் பதுளையில் ரோஜர்ஸின் இல்லத்தைக் கண்டு எழுதி வைத்தார். வீடெங்கும் தந்தங்கள். வராந்தாவின் வாயில்தோறும் பெருந்தந்தங்கள். உணவறையின் மூலைகளிலும் அவையே அலங்காரம். அதற்குள் கொல்லப்பட்ட யானைகளின் தொகை ஆயிரத்தை எப்போதோ தாண்டிவிட்டது. ஆனால், அவற்றுள் தந்தம் உடையவை 60க்குச் சற்று அதிகமானவை மாத்திரமே என்ற செய்தியையும் அந்த மருத்துவர் குறித்துச் சென்றார்.

இந்த எண்ணிக்கை விலங்கியலாளருக்கு வியப்பளிக்காது. ஆபிரிக்க யானைகளில் ஆண், பெண் இரண்டுக்கும் பொதுவாகத் தந்தம் உண்டு. ஆசிய யானைகளில் பெண்ணுக்கு வெளியே நீளும் தந்தம் இல்லை. இலங்கையிலோ ஆண்களிலும் மிகச் சிலவே தந்தமுடையவை. நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. தமிழில் தந்தமுள்ளதைக் கொம்பன் என்றும் இல்லாததை மோழை என்றும் பிரித்துச் சொல்வது போலவே, சிங்களத்திலும் தந்தமுள்ள யானைக்குத் தனிச்சொல் உண்டு. ரோஜர்ஸ் தந்தம் விற்ற பணத்தைக் கொண்டே இராணுவத்தில் படிப்படியாகப் பதவிகளை வாங்கினார் என்றொரு பேச்சு அந்நாளில் நிலவியது. இராணுவப் பதவிகளை விலைக்கு வாங்கும் முறை அப்போது இருந்தமையால் அப்பேச்சு எளிதில் நம்பப்பட்டது. உண்மை எதுவாயினும், அவர் கொன்ற யானைகளுள் 20இல் 19 எந்த விலைப்பொருளையும் தரவில்லை. இறைச்சி உண்ணப்படவில்லை, தோல் உரிக்கப்படவில்லை. சுட்ட இடத்திலேயே அவை அழுகிப்போயின.

இலங்கை யானை அதற்கு முன்னரும் மனிதனால் பிடிக்கப்பட்டே வந்தது. அனுராதபுர காலம் முதல் கண்டி அரசு ஈறாக அது அரசனின் உடைமை. அரச அனுமதியின்றி யானையைக் கொல்வது கடுந்தண்டனைக்குரிய குற்றம். உயிரோடு பிடித்து, பழக்கி, மன்னார் வழியாகவும் யாழ்ப்பாணம் வழியாகவும் இந்தியாவுக்கு ஏற்றுமதி செய்வதே மரபு. ஆனையிறவு என்ற பெயரே அந்த வணிகத்தின் சுவடு. யானை பிடிப்பதில் தலைசிறந்தோர் பணிக்கர் எனப்பட்ட முஸ்லிம்கள். ஏறாவூர் முதலான கிழக்கிலங்கை ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இக்கலை பேணப்பட்டது. துப்பாக்கி இன்றி, தோலால் திரித்த கயிற்றுடன் காற்றின் திசையறிந்து நெருங்கி, யானையின் பின்னங்காலில் சுருக்கிட்டு மரத்தில் கட்டும் துணிவு அவர்களுடையது. யானை செத்தால் அவர்களுக்கு நட்டம். எனவே அதன் நடை, உணவு, அச்சம், சினம் ஆகிய யாவற்றையும் அவர்கள் கற்றிருந்தனர். யானைப் பிடிப்பிலும் கொடுமை இல்லாமல் இல்லை. ஆனால், உயிருள்ள யானைக்கே மதிப்பு என்பது அந்தத் தொழிலின் அடிப்படை. ஆங்கிலேய வேட்டைக்காரர் வந்த பின்னர் அந்தக் கணக்குத் தலைகீழாயிற்று. செத்த யானைகளின் எண்ணிக்கையே வீரத்தின் அளவுகோல் ஆயிற்று.

ஆசிய யானை பற்றிய ஐரோப்பிய அறிவியலில் இலங்கைக்கும் ஓர் இடம் உண்டு என்பது பலர் அறியாத செய்தி. 1630ஆம் ஆண்டு இலங்கையில் பிறந்த ஒரு பெண் யானை ஒல்லாந்தரால் கப்பலேற்றப்பட்டு, ஹான்ஸ்கென் என்னும் பெயருடன் ஐரோப்பிய நகரங்கள்தோறும் காட்சிக்கு வைக்கப்பட்டது. புகழ்பெற்ற ஓவியர் ரெம்பிராண்ட் 1637இல் அதனை வரைந்துள்ளார். 1655இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் அது இறந்தது. அதன் எலும்புக்கூடு அங்கேயே பாதுகாக்கப்பட்டது. ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1758இல், சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் யானைக்கு அறிவியற் பெயர் சூட்டியபோது, திரவத்தில் இடப்பட்ட யானைக் கருவொன்றை மாதிரியாகக் கொண்டிருந்தார். அது ஆசிய யானையின் கரு அன்று, ஆபிரிக்க யானையின் கரு என்பது மரபணு ஆய்வின் மூலம் 2013இல் உறுதியாயிற்று. ஆகவே ஆசிய யானை இனத்துக்கான அதிகாரபூர்வ மாதிரி என்ற தகுதி புளோரன்ஸ் எலும்புக்கூட்டுக்கு மாற்றப்பட்டது. உலகின் ஆசிய யானைகள் அனைத்துக்கும் அறிவியல் அளவுகோலாக இன்று நிற்பது, அடிமைபோல் ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்ட ஓர் இலங்கைப் பிடியின் எலும்புகளே.

ரோஜர்ஸின் எண்ணிக்கைக்குத் திரும்புவோம். யானை தரைவாழ் விலங்குகளுள் மிகப் பெரியது. மனித மூளையைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு எடையுள்ள மூளை அதற்கு உண்டு. மோப்பத்தில் அதற்கு நிகர் அரிது. அத்தகைய விலங்கு, அந்நாளைய துப்பாக்கிக்கு இத்தனை எளிதாக இரையானது எப்படி?

முதற்காரணம் அதன் மண்டையோடு. வெளியே பார்ப்பதற்குக் கற்பாறை போல் தோன்றும் அந்தத் தலை, உள்ளே தேன்கூடு போன்ற காற்றறைகளால் ஆனது. திண்மையான எலும்பாக இருந்தால் கழுத்தால் அதைத் தாங்க இயலாது. மூளை பின்புறத்தே ஆழத்தில் அமைந்துள்ளது. நெற்றியின் குறித்த ஓரிடத்திலோ கண்ணுக்கும் காதுக்கும் இடைப்பட்ட பள்ளத்திலோ குண்டு பாய்ந்தால் காற்றறைகள் அதைத் தடுப்பதில்லை. மிக நெருங்கி நின்று சுடுவதே இலங்கை வேட்டைக்காரர் வழக்கம். துப்பாக்கி தூக்குவோர் பின்னால் நின்று ஒன்றன்பின் ஒன்றாக நீட்டிக்கொண்டிருப்பர். அந்தத் தூரத்தில் குறி தவறுவதே அரிது. ரோஜர்ஸ் இறந்த ஆண்டின் இறுதியில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இலங்கை வந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், ரோஜர்ஸின் 1,400 என்ற தொகையைப் பதிவு செய்தவர். யானையைச் சுடுவதற்கு மிகக் குறைந்த குறிபார்க்கும் திறமையே போதும் என்று கருதியவரும் அவரே.

இரண்டாவது காரணம் இன்னும் வேதனையானது. யானைக்கூட்டம் என்பது ஒரு குடும்பம். மூத்த பெண் யானையே அதன் தலைவி. அதன் சகோதரிகள், மகள்கள், பேத்திகள், கன்றுகள் ஆகியோர் அடங்கிய உறவு வட்டம் அது. ஆண்கள் பருவமடைந்ததும் பிரிந்து தனித்தோ சிறு குழுக்களாகவோ திரியும். ஆபத்து நேர்ந்தால் கூட்டம் சிதறி ஓடுவதில்லை. கன்றுகளை நடுவில் வைத்து நெருங்கி நிற்கும். தலைவி வீழ்ந்தால் வழிநடத்த ஆளின்றி, வீழ்ந்த உடலைச் சுற்றிச் சுற்றி வரும். பகைவிலங்கின் முன் இந்தப் பாசமே கவசம். துப்பாக்கியின் முன்னரோ இதுவே சாவுக்கு வழி. ஒரே நாளில் ஒரே இடத்தில் பல யானைகளை வேட்டைக்காரர் வீழ்த்த முடிந்தது, யானைகள் ஒன்றையொன்று கைவிட மறுத்தமையால்தான்.

பயிர்களை அழித்த யானைகளைக் கொன்று ரோஜர்ஸ் குடியானவருக்கு உதவினார் என்று அவர் சார்பில் வாதிடுவோர் உண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கக்கூடும். வயலில் புகும் யானைகளுள் பெரும்பாலானவை வளர்ந்த ஆண்கள் என்பதை இன்றைய ஆய்வுகள் தெளிவுபடுத்தியுள்ளன. ஆனால், 1,400 என்ற தொகை தனியன்களால் மட்டும் நிரம்பியிருக்க இயலாது. பிடிகளும் கன்றுகளும் அதில் அடங்கியே இருக்க வேண்டும். ஒரு பிடி ஏறத்தாழ 20 முதல் 22 மாதங்கள் வரை கருச்சுமக்கும். ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் இடையே பொதுவாக 4 அல்லது 5 ஆண்டுகள் செல்லும். முயலையோ மானையோ போல் இழப்பை விரைவில் ஈடுசெய்யும் இனமன்று யானை. ஒரு நொடியில் வீழ்த்தப்பட்ட பிடியின் இடத்தை அதே வயதுப் பிடியொன்று நிரப்ப 30, 40 ஆண்டுகள் வேண்டும்.

அக்காலத்தவர் இவற்றை அறிந்திருக்கவில்லை என்று சொல்லித் தப்பவும் முடியாது. ரோஜர்ஸின் சமகாலத்தவரும் வீதிகள் ஆணையாளருமான மேஜர் தோமஸ் ஸ்கின்னரும் நூற்றுக்கணக்கான யானைகளைக் கொன்றவரே. ஒருமுறை கோடை வறட்சியில், நுவரகலாவிய காட்டில் வற்றிக்கொண்டிருந்த குளமொன்றின் அருகே, நிலவொளியில் மரக்கிளையில் அமர்ந்து அவர் காவல் இருந்தார். பெரிய யானையொன்று காட்டிலிருந்து மெல்ல வெளிப்பட்டது. நின்று செவிமடுத்தது, சில அடிகள் நடந்தது, மீண்டும் நின்றது. இவ்வாறு நீர்க்கரை வரை வந்தும் தாகம் தீர்க்காமல் திரும்பிச் சென்று, ஐந்து யானைகளை அழைத்து வந்து காவல் நிறுத்தியது. அதன் பின்னரே மீண்டும் காட்டினுள் சென்று 80க்கும் மேற்பட்ட யானைகளைக் கொண்ட பெருங்கூட்டத்தை அழைத்து வந்தது. கூட்டம் முழுவதும் ஒழுங்காக வந்து, தலைமை யானை இசைவு தந்த பின்னரே நீரில் இறங்கியது. இந்தக் காட்சி ஸ்கின்னரின் உள்ளத்தை நெகிழச் செய்தது. டெனன்ட் அதைத் தமது நூலில் சேர்த்துக்கொண்டார்.

யானைகள் எவ்வித ஓசையும் இன்றி எவ்வாறு ஒன்றுக்கொன்று செய்தி சொல்கின்றன என்ற புதிருக்கு விடை 1984இல் கிடைத்தது. அமெரிக்காவின் போர்ட்லண்ட் விலங்கியற் பூங்காவில் ஆசிய யானைகளின் அருகே நின்ற கேற்றி பெய்ன் என்ற ஆய்வாளர், காதில் விழாத ஓர் அதிர்வை உடலில் உணர்ந்தார். மனிதச் செவிக்கு எட்டாத தாழ்ந்த அதிர்வெண்ணில் யானைகள் பேசிக்கொள்கின்றன என்பது அதன் வழியே நிறுவப்பட்டது. அந்த ஒலி மரங்களையும் கடந்து கிலோமீட்டர் கணக்கில் செல்லவல்லது. ஊவாவின் காடுகளில் ரோஜர்ஸின் துப்பாக்கி முழங்கிய வேளைகளில், அவர் காதுக்கு எட்டாத அலறல்கள் பள்ளத்தாக்கெங்கும் பரவியிருக்கும் என்பதை இன்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

இன்னொரு முரண்நகையும் உண்டு. மலையேறும் யானை செங்குத்தான சரிவைத் தவிர்த்து, மலைமுதுகு வழியே மிதமான ஏற்றத்தைத் தெரிந்தெடுக்கும். தலைமுறை தலைமுறையாக ஒரே தடத்தில் நடப்பதால் அது அகன்ற பாதையாகிவிடும். இலங்கை மலைநாட்டில் யானைத்தடங்களின் நேர்த்தியைக் கண்டு ஆங்கிலேயப் பொறியியலாளரே வியந்தனர். நில அளவையாளருக்கு அவை வழிகாட்டின. பாதை அமைத்தமைக்காகப் போற்றப்பட்ட மனிதர், மலைநாட்டின் முதற் பாதையமைப்பாளர்களைக் கொன்று குவித்திருக்கிறார்.

1845ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7ஆம் திகதி, ரோஜர்ஸ் அப்புத்தளை வாடிவீட்டில் தங்கியிருந்தார். இடியுடன் கூடிய கடும் மழை. மழை ஓய்ந்துவிட்டதா எனப் பார்க்க அவர் வராந்தாவுக்கு வந்தார். அந்தக் கணத்தில் மின்னல் தாக்கியது. அங்கேயே உயிர் பிரிந்தது. ஆயிரம் யானைகளின் எதிரே அசையாமல் நின்றவர் ஒரு நொடி ஒளியில் சாய்ந்தார். உடல் நுவரெலியாவில் அடக்கம் செய்யப்பட்டது. கல்லறைக் கல்லையும் மின்னல் மீண்டும் மீண்டும் தாக்கிப் பிளந்தது என்பது இன்றுவரை வழங்கும் கதை.

மக்கள் இதனைத் தண்டனை என்று கொண்டதில் வியப்பில்லை. ஆனால், அப்புத்தளை போன்ற உயர்ந்த மலைமுகடுகளில் இடிமின்னல் தாக்குவது இயல்பே. அது நல்லவர், தீயவர் பார்ப்பதில்லை. யானைகளைக் கொன்ற ஸ்கின்னர் முதுமை வரை வாழ்ந்தார். மின்னலைத் தீர்ப்பு என்று எண்ணி ஆறுதல் அடைவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. குற்றவாளி தண்டிக்கப்பட்டுவிட்டான், கணக்குத் தீர்ந்தது என்ற மனநிறைவு அதனால் உண்டாகிறது. உண்மையில் கணக்குத் தீரவில்லை.

ரோஜர்ஸுக்குப் பின்னும் கொலை தொடர்ந்தது. அரசாங்கமே யானைத் தலைக்கு விலை வைத்தது. 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கும், 1851க்கும் 1856க்கும் இடையே காலிக்கும் அம்பாந்தோட்டைக்கும் இடைப்பட்ட பகுதியில் 2,000 யானைகளுக்கும் சன்மானம் கோரப்பட்டதை டெனன்டின் நூல் காட்டுகிறது. துப்பாக்கியை விஞ்சியது கோடரி. கோப்பிக்காக மலைக்காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. கோப்பியை இலைநோய் அழித்தபின் தேயிலை வந்தது. மன்னாரிலிருந்து மாத்தளை வரை யானைக்காடுகளின் ஊடாகக் கால்நடையாக வந்த தென்னிந்தியத் தொழிலாளரின் உழைப்பிலேயே இந்தத் தோட்டங்கள் எழுந்தன. வழியில் நோயாலும் பசியாலும் மாண்டவர் எத்தனையோ பேர். யானையின் வீடு பறிக்கப்பட்டதும், ஏழையின் உழைப்பு உறிஞ்சப்பட்டதும் ஒரே இலாபக் கணக்கின் இரு பக்கங்கள்.

இன்று எல்ல, பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்போர் குளவிக்கும் சிறுத்தைக்கும் காட்டுப்பன்றிக்கும் அஞ்சுகின்றனர். யானைக்கு அஞ்சுவோர் இல்லை, யானை இல்லை. எல்ல கணவாயில் நின்று தெற்கே நோக்கினால், மலை சட்டென முடிந்து, வெல்லவாய முதல் கடல் வரை விரியும் சமவெளி தெரியும். ஊவாவின் யானைகள் எஞ்சியிருப்பது அங்கேதான். ஹந்தபானகல குளத்தருகிலும் புத்தல, தணமல்வில காடுகளிலும் அவற்றைக் காணலாம்.

வேட்டைக்காரர்களே தம் வேட்டைக்கு இரை அற்றுப்போவதைக் கண்டு 1894இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கமொன்றை அமைத்தனர். 1937இல் வனசீவராசிகள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. மறு ஆண்டு யாலவும் வில்பத்துவும் தேசியப் பூங்காக்களாயின. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 12,000க்கு மேல் இருந்ததாக மதிப்பிடப்படும் யானைகளின் தொகை, 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 5,879 ஆக இருந்தது.

ரோஜர்ஸின் காலம் முடிந்துவிட்டதென்று நாம் மகிழலாமா? 2021 முதல் 2024 வரையான நான்கே ஆண்டுகளில் இலங்கையில் இறந்த யானைகள் 1,500க்கும் அதிகம். அவற்றுள் பெருந்தொகையானவை துப்பாக்கிச் சூட்டாலும் மின்கம்பியாலும் உணவில் மறைத்து வைக்கப்படும் ஹக்கபட்டாஸ் என்னும் வெடியாலும் மடிந்தவை. வெடி வாயில் சிதறினால் நாவும் தாடையும் கிழிந்து, பல நாட்கள் பட்டினி கிடந்தே யானை சாகும். 2025 பெப்ரவரியில் ஹபரணைக்கு அருகே புகையிரதம் மோதி 6 யானைகள் இறந்தன. அதே நான்கு ஆண்டுகளில் யானைகளால் உயிரிழந்த மனிதர்கள் 500க்கும் அதிகம். அவர்களுட் பெரும்பாலோர் ஏழை விவசாயிகள். ரோஜர்ஸ் தம் ஆயுட்காலத்தில் செய்த அழிவை, எந்த வேட்டைக்காரனும் இன்றி, நாம் ஒரு பாராளுமன்றத்தின் ஆயுளுக்குள் செய்துவிடுகிறோம்.

இரவெல்லாம் வயற்காவல் இருந்து, விடியுமுன் ஓர் ஆண்டின் உழைப்பை இழக்கும் வெல்லவாய விவசாயியை ரோஜர்ஸோடு ஒப்பிடுவது அநீதி. ஒருவர் விளையாட்டுக்குச் சுட்டார். மற்றவர் வயிற்றுக்காகப் போராடுகிறார். வெடி வைக்கும் கையைத் தண்டிப்பதோடு கடமை முடிந்ததென அரசு எண்ணினால், அது மின்னலைத் தீர்ப்பாகக் கொண்ட பழைய மனநிலையே அன்றி வேறில்லை.

யானையின் இயல்பை அறிந்தால் வழியும் புலப்படும். யானைகள் இலங்கை நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 சதவீதத்தில் திரிகின்றன என்றும், அந்த நிலத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் மனிதர் வாழும் இடம் என்றும் அண்மைக்கால ஆய்வுகள் கண்டுள்ளன. எனவே எல்லா யானைகளையும் பூங்காவுக்குள் துரத்தி அடைத்தல் நடவாத காரியம். பிறந்த காட்டின் நீர்நிலையையும் பாதையையும் ஆயுள் முழுதும் நினைவில் வைத்திருக்கும் விலங்கு அது. துரத்தப்பட்ட ஆண் யானை திரும்பி வரும். முன்னிலும் சினத்துடன் வரும். அடைக்கப்பட்ட பிடியும் கன்றும் உணவின்றி மெலியும். யானையை அடைக்கும் வேலிக்குப் பதிலாக, ஊரையும் வயலையும் காக்கும் வேலி வேண்டும் என்று 2020இல் வகுக்கப்பட்ட தேசியச் செயற்றிட்டம் வலியுறுத்தியது. ஊரைச் சுற்றிய மின்வேலியை ஊராரே பராமரிப்பர். வயலைச் சுற்றிய வேலி அறுவடை முடிந்ததும் அகற்றப்படும். அரிதாளை மேய யானைக்கு இடம் கிடைக்கும். முயன்று பார்த்த கிராமங்களில் இம்முறை பயன் தந்துள்ளது. இதனை நாடு முழுவதும் விரிக்கத் தேவையானவை பணமும் அரசின் உறுதியும் மட்டுமே.

யானைக்கு வாழ்நாளில் ஆறு தொகுதிக் கடைவாய்ப் பற்கள் முளைக்கும். ஒன்று தேய்ந்தபின் அடுத்தது பின்னிருந்து முன்னோக்கி நகர்ந்து வரும். 60 வயதைத் தாண்டி ஆறாவதும் தேய்ந்தால், உண்ண இயலாமல் யானை மெல்ல ஒடுங்கி இறக்கும். இயற்கை அதற்கு விதித்த சாவு அதுவே. தன் ஆறாவது தொகுதிப் பல் தேயும்வரை வாழக் கொடுத்துவைத்த யானைகள் நம் நாட்டில் எத்தனை என்று கணக்கெடுத்தால், ரோஜர்ஸின் கல்லறையைப் பார்த்துத் தலையசைக்கும் உரிமை நமக்கு உண்டா இல்லையா என்பது விளங்கும்.

ரோஜர்ஸ் கொடியவராகப் பிறந்தவரல்லர். கடமை தவறாதவர், உழைப்பாளி, நண்பர்கள் போற்றிய மனிதர். தம் முன்னே நின்றது ஒரு குடும்பம் என்பதை உணராமையே அவர் செய்த பிழை. அதனை உணரப் போதிய அறிவு நமக்கு வாய்த்திருக்கிறது. அறிந்த பின்னும் 1,500 யானைகளை நான்கு ஆண்டுகளில் இழக்கும் தலைமுறைக்கு அறியாமை என்ற சாக்கு இல்லை.